கூண்டில் ஒரு சாமியாடி

கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் மாதத்திலேயே உங்களைத் தேடி வரப்போகிற கட்சிக்காரன் எப்படி இருப்பான் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். சவரம் செய்யாத முகம், கசங்கின சட்டை, கூடவே அழுது வீங்கின கண்ணோடு அவன் அம்மாவோ பெண்டாட்டியோ. அவன் சொல்லப்போகிற முதல் வாக்கியமும் எனக்குத் தெரியும். “குடிச்சிருந்தேன், என்ன செஞ்சேன்னே தெரியல.” பாளையங்கோட்டையில் குற்ற வழக்கு நடத்தின காலமெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியைக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. காதில் விழும், மனசில் ஏறாது. இளையவர்கள் நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. தானாகக் குடித்தவன் தான் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது போதை ஏற்றியிருந்து, தான் செய்வது இன்னதென்று அவனுக்குத் தெரியாமல் போயிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பழைய சட்டத்தில் எண்பத்தைந்து, எண்பத்தாறாம் பிரிவுகள். புதிய சட்டத்தில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. எண்தான் மாறியிருக்கிறது, குடிகாரன் மாறவில்லை.

என் சீனியர் இந்தப் பிரிவுகளைப் புத்தகத்தை வைத்துச் சொல்லித் தரவில்லை. பெண்டாட்டி மண்டையை உடைத்த ஒருவன் எங்கள் ஆபீசுக்கு வந்து வழக்கமான பாட்டைப் பாடினான். சீனியர் பாதி வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

“வீட்டுல அப்ப வேற யாரு இருந்தா?”

“மாமனாரு இருந்தாரு, மச்சினன் இருந்தான்.”

“அவங்கள அடிச்சியா?”

“இல்லய்யா.”

“மச்சினன் என்ன தொழில் பாக்கான்?”

“போலீசுல இருக்கான்.”

சீனியர் என் பக்கம் திரும்பி, “ஆள் அடையாளம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான் பாடம். குடித்தவன் என்ன செய்தான் என்பதோடு, என்ன செய்யாமல் விட்டான் என்பதையும் கேளுங்கள். நூற்றில் தொண்ணூறு வழக்குக்கு அது போதும். போதாமல் போன ஒரு வழக்கைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நான் கோட்டைக் கழற்றி வைப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஆற்றங்கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. மதியப் பூசையில் சாமியாடி அரிவாளோடு ஆடிக்கொண்டிருக்கும்போது, திருநீறு வாங்க வலது கையை நீட்டின ஒரு பெண்ணின் விரல்களில் அரிவாள் இறங்கிவிட்டது. செல்லத்தாய் என்று பெயர். பீடி சுற்றுகிறவள், புருஷன் கேரளாவில் கட்டட வேலை. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் எழுதிவிட்டார். பீடி சுற்றுகிறவளுக்கு அதன் அர்த்தம் என்ன என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாமியாடியின் பெயர் இசக்கிமுத்து. தச்சநல்லூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அப்பாதான் அந்தக் கோயிலில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கச்சை கட்டிச் சாமியாடும் உரிமை இவனுக்கு வந்தது. அப்பா இல்லாமல் இவன் ஆடின முதல் கொடை அதுதான். கொடுங்காயம் என்று வழக்குப் போட்டு, ஜாமீன் தரும்போது ஊருக்குள் போகக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் வழக்கு முடியும்வரை அவன் தச்சநல்லூரிலேயே கிடந்தான். இதை மறந்துவிடாதீர்கள், ஊரில் அதற்குள் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாமல் போனது இதனால்தான்.

என்னிடம் அவனைக் கூட்டி வந்தவர் கொடைக் கமிட்டித் தலைவர், ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, அளந்து பேசுகிற வாய்.

“வக்கீலம்மா, இதுல இவன் செஞ்சது ஒண்ணுமில்ல. சாமி வந்திருக்கும்போது நடந்தது. சாமி மேல போலீசு கேசு போட முடியுமா?”

“சாமிக்குச் சம்மன் அனுப்ப முடியாது அண்ணாச்சி. அதான் இவரைப் பிடிச்சிருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்பது அவருக்குத் தெரியும், கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். உண்மையில் சாமி வருவதைப் பற்றி எனக்கு எந்த இளக்காரமும் கிடையாது. எங்கள் பக்கத்து உபவாசக் கூட்டங்களில் ஆவி இறங்கி ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வருகிறதா இல்லையா என்பது என் தொழில் இல்லை. கோர்ட் கேட்கும்போது என்ன சொல்லப் போகிறோம் என்பதுதான் என் தொழில்.

என் ஜூனியர் காதர், மேலப்பாளையத்துப் பையன், மகா சூட்டிகை. சாமி வந்தது என்று வாதாடினால் கோர்ட்டில் நிற்காது என்று அவனுக்கும் தெரியும். அவன் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து வந்தான். யாரோ செல்போனில் எடுத்தது. இசக்கிமுத்து ஆடிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேர் அவன் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் பிராந்தி பாட்டிலை அவன் வாயில் கவிழ்க்கிறான். சாமிக்குப் படைக்கிற சாராயத்தை ஆடுகிறவன் வாயில் ஊற்றுவது அங்கே வழக்கம். அடுத்த சில நிமிஷங்களில் வெட்டு விழுகிறது.

“எண்பத்தைஞ்சு அப்படியே பொருந்துதும்மா” என்றான் காதர். “வருஷம் பூரா குடிக்காத ஆளு. அன்னைக்கும் அவரா குடிக்கல. ஊர்க்காரங்க பிடிச்சு ஊத்தியிருக்காங்க. விருப்பத்துக்கு மாறான போதை. செய்வது என்னன்னு அவருக்குத் தெரியல.”

நல்ல வாதம். நானே அவனை மெச்சினேன். ஜெயிக்கும் என்றும் தோன்றியது. இசக்கிமுத்துவிடம் விளக்கிச் சொன்னோம். தலையை ஆட்டினான். அதிகம் பேச மாட்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். பயத்தில் இருக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

செல்லத்தாய் சாட்சி சொல்ல வந்த நாள். கோர்ட் வராந்தாவில் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வக்கீலம்மா, சின்ன விசயம். நீங்க அவளை விசாரிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அன்னைக்கு அவ வீட்டுக்குத் தூரமா இருந்தாளா இல்லையான்னு.”

“அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகணும்?”

“கேட்டாப் போதும். அவ என்ன பதில் சொன்னாலும் சரி. சாமி சும்மா வெட்டாதுல்லா. ஏதோ குத்தம் இருக்கப் போயித்தான வெட்டிருக்கு. அதை ஊரு தெரிஞ்சிக்கிடணும்.”

“நான் ஊருக்கு வக்கீல் இல்லை அண்ணாச்சி. இசக்கிமுத்துக்கு வக்கீல்.”

“அவனுக்கு வக்கீலு வச்சது ஊருதான்” என்றார் பையச் சிரித்தபடி. வழக்குக் கட்டை வேறு வக்கீலிடம் மாற்றிவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். இப்படிப் பேசுகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். கேஸுக்கு உதவாத கேள்வியை, ஒருவரை அசிங்கப்படுத்துவதற்காகவே கேட்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் தத்துவம் பேச வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். நான் அதைத்தான் செய்தேன், ஆனால் கோபமும் பட்டேன்.

செல்லத்தாய் கூண்டில் ஏறினாள். வலது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். என் முறை வந்தது. எவ்வளவு பக்கத்தில் நின்றாள், பாட்டில் ஊற்றினதைப் பார்த்தாளா, யார் ஊற்றினார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். பார்த்ததாகச் சொன்னாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன்.

அவள் கூண்டை விட்டு இறங்கவில்லை.

“ஐயா, நான் அன்னைக்குச் சுத்தமாத்தான் போனேன். ஆத்துல குளிச்சிட்டு, நனைஞ்ச தலையோடதான் போனேன். அதையும் எழுதிக்கிடுங்க.”

மாஜிஸ்திரேட் வயதில் இளையவர், பொறுமைசாலி. “அதுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லம்மா” என்றார்.

“எனக்கு அது ஒண்ணுதான் ஐயா சம்பந்தம். சாமி வெட்டுச்சுன்னா நான் குத்தக்காரின்னு சொல்லுதாவ. எங்க மாமியா என்னை அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கா. கூட இருந்து பீடி சுத்துனவளுவ நான் போனா எந்திச்சுப் போறாளுவ. புருசன் போன்ல, நீ என்னட்டி செஞ்சேங்கான். நான் ஒண்ணும் செய்யல. கையத்தான் நீட்டுனேன்.”

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மருந்துக் கடையில் விலை சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். வழக்குக்கு அப்பாற்பட்டது, பதிவு செய்யக் கூடாது என்று நான் ஆட்சேபிக்கலாம். அது என் உரிமை. என் கட்சிக்காரனுக்கு அவள் சொன்னதால் நஷ்டம் ஏதாவது உண்டா என்று யோசித்தேன். இல்லை. “எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றேன். பின்வரிசையில் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தது கேட்டது. இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் அவன் மட்டும் என் ஆபீசுக்கு வந்தான். காதரும் இருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அம்மா, அந்த அக்காவ ஊருல ஒதுக்கி வச்சிருக்காங்களா?”

“அவங்க சொன்னதைத்தான் நானும் கேட்டேன்.”

“எனக்கு இது தெரியாதும்மா. கைக்குத்தான் வைத்தியம் பாக்காங்கன்னு நெனச்சேன்.” மேஜைக்குக் கிட்டே வந்தான். “அன்னைக்குச் சாமி வரலம்மா.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“எங்க அப்பாவுக்கு மேளத்துல மொத அடி விழுந்ததும் வந்துரும். எனக்கு வரவே இல்ல. மேளக்காரனுவ கை சோந்து போயிட்டானுவ. கச்சையக் கட்டிக்கிட்டு நான் சும்மா நிக்கேன், ஊரே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கி. பீடத்துக்குப் பின்னால படையலுக்கு வச்ச பாட்டில் இருந்துச்சு. பூசை முடிஞ்சுதான் அதைத் தொடணும். நான் போயி எடுத்து அங்கனயே குடிச்சிட்டேன். சாமிக்கு வச்சதக் குடிச்சா சாமி வந்துரும்னு நெனச்சேன். வரல. போதைதான் வந்துச்சு. அப்பா ஆடுத மாதிரியே ஆடுனேன். எல்லாரும் நம்பிட்டாங்க.”

“பிறகு ஊத்தினாங்களே?”

“ஆமா. வாய மூடிருக்கலாம். சாமியாடி வேண்டாம்னு தலைய ஆட்டுனா ஊரு என்ன நெனைக்கும்? குடிச்சேன். அரிவா வீசும்போது பக்கத்துல பொம்பளையாளு நிக்காவன்னு தெரியும்மா. கை நிக்கல.”

காதர் எழுந்துவிட்டான். “அண்ணே, நீங்க எங்ககிட்ட சொன்னது எங்களோட இருக்கும். வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்க. வீடியோவுல நீங்க முன்னால குடிச்சது இல்ல. பாத்த சாட்சி யாரும் இல்ல.”

அவன் சொன்னதில் தப்பில்லை. கட்சிக்காரன் நம்மிடம் சொன்ன ரகசியத்தை நாம் வெளியே விட முடியாது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. வலுக்கட்டாயமாகக் குடிக்க வைத்தார்கள் என்று இனி நான் எழுந்து நின்று சொல்ல முடியாது. அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காதருக்கு இதை ஏற்றுக்கொள்ள மனசு வரவில்லை. அவ்வளவு அழகான வாதம் கைநழுவிப் போனால் எனக்கும்தான் வயிறு எரியும்.

“நான் என்னம்மா சொல்லட்டும்?” என்று கேட்டான் இசக்கிமுத்து.

இந்தக் கேள்விதான் இந்தத் தொழிலில் ரொம்ப ஆபத்தானது. கட்சிக்காரன் தன் வாயை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிற்பான். உண்மையைச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நமக்குப் புண்ணியவதி பட்டம் கிடைக்கும், ஜெயிலுக்குப் போவது அவன். வாயை மூடு என்று சொன்னால் வழக்கு பிழைக்கும், ஒரு பெண் அடுப்படிக்கு வெளியே நிற்பாள். எனக்கு அந்த நிமிஷம் அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இதை ஏன் என்னிடம் சொன்னான்? சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாக ஜெயித்திருப்பேன்.

“என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தர மாட்டேன்” என்றேன். “எதைச் சொன்னா என்ன வரும்னு மட்டும் சொல்லுதேன். கோர்ட்டு உன்கிட்ட கேக்கும்போது நீ ஒண்ணும் சொல்லாம இருக்கலாம். அது தப்பில்ல, சட்டமே அனுமதிக்கிது. மத்த சாட்சிகளை வச்சு நான் முடிஞ்ச வரைக்கும் வாதாடுதேன். தப்பிக்கவும் செய்யலாம். இப்ப சொன்னதை அங்க சொன்னா தண்டனை நிச்சயம். கச்சையும் போயிரும். வெளியே வந்த பிறகு ஊருல உன்னை ஏத்துக்கிடுவாங்களான்னு எனக்குத் தெரியாது.”

“அந்த அக்காவுக்கு?”

“அதுக்குச் சட்டத்துல பதில் இல்லப்பா.”

போய்விட்டான். காதரும் கட்டைக் கட்டிவைத்துவிட்டுக் கிளம்பினான். இசக்கிமுத்து வாயை மூடிக்கொள்ளட்டும் என்று என் மனசில் ஒரு பாதி வேண்டிக்கொண்டது என்பதை மறைக்க மாட்டேன். வக்கீலாக இருந்து வயதானால் தோல்வி பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாட்சிகள் முடிந்து, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, கோர்ட் நேரடியாகக் கேட்கும் நாள் வந்தது. பிரிவு எண்ணை வைத்து முன்னூற்றுப் பதின்மூன்று என்று நாங்கள் சொல்வது. அன்று ஊரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். செல்லத்தாயும் வந்திருந்தாள், ஆனால் அந்த வேனில் இல்லை. வாசலையொட்டித் தனியாக நின்றாள். சாட்சிகள் சொன்னதைப் படித்துக் காட்டிவிட்டு மாஜிஸ்திரேட் கேட்டார், இதைப் பற்றி நீர் என்ன சொல்கிறீர் என்று.

இசக்கிமுத்து என் பக்கம் பார்க்கவில்லை.

“சாமி வரல ஐயா” என்றான்.

விளக்கமாகச் சொல்லும்படி மாஜிஸ்திரேட் கேட்டார்.

“அன்னைக்கு என்மேல சாமி வரல. படையல் பாட்டில நானா எடுத்துக் குடிச்சேன். யாரும் ஊத்துததுக்கு முன்னாலயே குடிச்சேன். வந்த மாதிரி நடிச்சு ஆடுனேன். அரிவா என் கையிலதான் இருந்துச்சு. வெட்டுனது நான். அந்த அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல.”

அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஒவ்வொருவராகப் போனார்கள். மாஜிஸ்திரேட், யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றான். சொன்னது அப்படியே பதிவானது.

தண்டனை கிடைத்தது. அவன் தானாக முன்வந்து சொன்னதைக் காட்டிக் குறைக்கச் சொல்லி வாதாடினேன், ஓரளவு குறைந்தது. ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். கச்சை இப்போது அவன் சித்தப்பா மகனிடம். இசக்கிமுத்து மறுபடி தச்சநல்லூரில் ஆட்டோ ஓட்டுகிறான். குடிக்கிறானா என்று நான் கேட்டதில்லை.

இந்த வழக்கை நான் ஜெயிக்கவில்லை. இருந்தும் உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. குடியில் செய்தது அவன் செய்தது இல்லை என்று நிரூபித்தால் நம் வேலை முடிந்தது, கட்டை அடுக்கில் வைத்துவிடுகிறோம். அப்படியானால் யார் செய்தது என்ற கேள்வி ஊரில் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சாமி வந்த இடத்தில் மட்டும் இல்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்த மறுநாளே, பக்கத்து வீட்டுக்காரிகள் அவளிடம் கேட்பார்கள், நீ என்ன சொல்லி அவனைக் கிளப்பிவிட்டாய் என்று. அவன் கீழே போட்ட பழியை அவள் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எத்தனை பேரை இப்படித் தூக்க வைத்து நான் ஜெயித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் யாரும் எதிர்த்தரப்பு வக்கீலைத் தேடி வர மாட்டார்கள். குடித்தவனுக்காக வாதாடுங்கள், அவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும். அவன் இறக்கி வைக்கிறது யார் தலையில் போய் உட்காருகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லத்தாய் மட்டும் வந்தாள். தீர்ப்பு வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில்.

“அரசு வக்கீல்ட்ட நகல் கேட்டேன். தீர்ப்புல எல்லாம் இருக்கும், அது போதும்னாரு. எனக்குத் தீர்ப்பு வேண்டாம்மா. அவன் சொன்னது வேணும்.”

காதர் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தான். அவள் கேட்டதற்காக நானே படித்துக் காட்டினேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“வெட்டுனது நான்னு இருக்குல்லா?”

“இருக்கு.”

“சாமி வெட்டுச்சுன்னு எங்கயும் இல்லல்லா?”

“எங்கேயும் இல்லை.”

தாளை இடது கையால் வாங்கி மடித்தாள். வணக்கம் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இசக்கிமுத்துவை மன்னித்துவிட்டாயா என்று காதர் கேட்டான், இளவயசு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவனை எதுக்கு மன்னிக்கணும்? என் கை போயிட்டு” என்றாள். படியில் இறங்கும்போது, “வீட்டுக்குப் போயி இன்னைக்கு நான்தான் சோறு பொங்கப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.